சும்மாடு

“வீட்டிலேருந்து துண்டு கொண்டாரச் சொன்னேன்ல சார், அதைச் சுருட்டிக் குடுங்க” என்றார் அந்தப் பிசியோதெரபிப் பெண், என் பக்கம் பார்க்காமலே, ஏதோ எழுதியபடி. நான் துண்டை ஓர் உதறு உதறி, முறுக்கி, வளையமாகச் சுற்றி, மிஞ்சிய நுனியை உள்ளே செருகி நீட்டினேன். நிமிர்ந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“என்ன சார் இது? குடம் தூக்கப் போறீங்களா?”

குனிந்து என் கையைப் பார்த்தேன். குனிய முடியவில்லை, அது வேறு விஷயம். கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன். உள்ளங்கையில் அச்சு அசலாக ஒரு சும்மாடு.

நான் சும்மாடு சுற்றி நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். எங்கள் வீட்டில் இப்போது தலையில் தூக்க ஒன்றுமே கிடையாது. தண்ணீர் குழாயில் வருகிறது, அரிசி ஆட்டோவில் வருகிறது, கீரைகூட மைக் கட்டிய வண்டியில் வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆனாலும் துண்டு கையில் இருக்க, ‘சுருட்டு’ என்று ஒரு சொல் காதில் விழுந்ததும், விரல்கள் என்னைக் கேட்காமலே அப்பத்தாவிடம் போய்விட்டன.

அந்தப் பெண் சும்மாட்டைப் பிரித்து, பாய் சுருட்டுவது மாதிரி நீளமாகச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டார். என்னை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, பின்கழுத்தின் குழிவில் அதைச் செருகினார். ஒத்தக்கடை மெயின் ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல்மாடி. காலடியில் ஒரு ஜன்னல். ஜன்னல் நிறைய யானைமலை.

ஒரே ஒரு கடை இருந்ததால் இந்த ஊருக்கு ஒத்தக்கடை என்று பேர் வந்தது என்பார்கள். இப்போது கடைகளை எண்ணப் புறப்பட்டால் பொழுது சாய்ந்துவிடும். மாறாமல் இருப்பது மலை மட்டும்தான். மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் வருகிறவர்களுக்கு, துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்துக்கிடக்கும் யானை அது. சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: யானைக்குத் தலை இருக்கிறது, உடம்பு இருக்கிறது, கழுத்து எங்கே? அன்றைக்கு அந்த மேசையில் படுத்தபடி அதைக் கேட்டுவைத்தேன்.

“யானைக்கும் கழுத்துல ஏழு எலும்புதான் சார். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு. உங்களுக்கும் ஏழு. நீளம்தான் வேற வேற. யானைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தலையத் திருப்புறது கஷ்டம். அதான் தும்பிக்கை இருக்கு. உங்களுக்கு அது இல்லையே.”

எனக்குத் தும்பிக்கை இல்லை என்பது முந்தின வாரம் நன்றாகவே தெரிந்துபோயிருந்தது. பைக்கில் வந்தவன், ஒத்தக்கடை முக்கில் வலது பக்கம் திரும்ப வேண்டும். கையைக் காட்டினேன். தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்கத் தலையைத் திருப்பினேன். தலை பாதியில் நின்றுவிட்டது, துருப்பிடித்த கதவு மாதிரி. சரி என்று இடுப்போடு உடம்பையே திருப்பினேன். வண்டியும் கூடவே திரும்பிவிட்டது. பின்னால் வந்த டவுன் பஸ் பிரேக் அடித்த சத்தத்தில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “பெரியவரே, திரும்பிப் பார்த்து வரமாட்டீகளா?” என்றார். அவர் திட்டியதுகூட உறைக்கவில்லை. ‘பெரியவரே’ என்றதுதான் உறைத்தது. அதைவிட, உடம்போடு திரும்பிய அந்தத் திரும்பல் உறைத்தது. அதை நான் வேறொருவரிடம் பார்த்திருக்கிறேன்.

அப்பத்தா அப்படித்தான் திரும்புவாள். கடைசிக் காலத்தில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலை திரும்பாது. மாட்டுவண்டியை முட்டுச்சந்தில் திருப்புவது மாதிரி, காலை எடுத்து எடுத்து வைத்து, முழு ஆளாகச் சுற்றி நின்று, “என்னடா?” என்பாள். வானத்தில் ஏரோப்ளேன் சத்தம் கேட்டால் போதும், இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, முழங்காலை மடக்கி, பின்பக்கமாகச் சாய்ந்து தேடுவாள். அதற்குள் அது போயே போயிருக்கும். நாங்கள் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் வரிசையில் நின்று அதே மாதிரி செய்து காட்டிச் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு வட்டியோடு இப்போது கட்டுகிறேன்.

முதல் நாள் அந்தப் பெண் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் ஒரு கோணமானியோடு சுற்றிவந்தார். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கும் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி ஒரு சாமான். நல்ல கழுத்து ஒரு பக்கத்துக்கு எண்பது டிகிரி அளவுக்குத் திரும்புமாம். என் இடது பக்கம் எழுபதைத் தொட்டது. வலது பக்கம் நாற்பத்தைந்தில் நின்றுவிட்டது. மண்டையோட்டுக்குக் கீழே இருக்கும் முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் நடுவிலேதான் பாதித் திருப்பம் நடக்கிறது என்றும், மிச்சப் பாதியை மற்றவை பங்குபோட்டுக்கொள்கின்றன என்றும் சொன்னார். அதற்கு முன்பே ஒரு பட்டியலாகக் கேள்வி கேட்டிருந்தார். கை மரத்துப்போகிறதா, விரலில் பிடி குறைகிறதா, நடையில் தள்ளாட்டம் உண்டா, தலை சுற்றுகிறதா, எங்காவது விழுந்தீர்களா, காய்ச்சலோ எடை குறைவோ உண்டா? இதில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடாமல் முதலில் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்களாம். எனக்கு ஒன்றும் இல்லை. கடைசியாக, “என்ன வேலை சார் பாக்குறீங்க?” என்றார்.

“டைப் அடிக்கிறேன்மா.”

“எத்தனை வருஷமா?”

“மீசை முளைச்ச நாள்லேருந்து.”

மதுரையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயரும் ஹையரும் முடித்தவன் நான். எங்கள் மாஸ்டர் கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல் இருக்கும். அதை அடிக்க வைத்திருக்கவில்லை. முதுகில் நட்டுக்குத்தலாக வைத்துப் பார்க்கத்தான் வைத்திருந்தார். ஸ்கேலுக்கும் முதுகுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் எழுந்து நிற்க வேண்டும். ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று இருபது மெஷின்கள் ஒரே தாளத்தில் ஓட, நாங்கள் பனங்கன்று வரிசை மாதிரி உட்கார்ந்திருப்போம். கட்டையைப் பார்க்கக் கூடாது, தாளைப் பார்க்க வேண்டும். வரி முடிந்தால் மணி அடிக்கும். கையை நீட்டி வண்டியைத் தள்ள வேண்டும். ஒரு பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பனை மாற்றி, புதுத் தாளைச் செருக வேண்டும். அந்த மெஷின் நம்மைச் சும்மா உட்கார விடாது. அப்போது அதை வேலை என்று நினைத்தோம். அது பயிற்சியும்கூட என்று இப்போதுதான் தெரிகிறது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மணி போயிற்று, வண்டி தள்ளுவது போயிற்று, கார்பன் போயிற்று. 2004 ஜூலையில் ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் உயர்நீதிமன்றக் கிளை திறந்தபோது, டவுனிலிருந்த என் டிடிபி கடையைத் தூக்கிக்கொண்டு நானும் சொந்த ஊர்ப் பக்கமே வந்துவிட்டேன். சின்னக் கடை. மேசைக்கு வலப்பக்கம் சுவர். ஆகவே குமாஸ்தாக்கள் கொண்டுவரும் கையெழுத்துத் தாள்கள் எல்லாம் இடப்பக்கம்தான். இருபது வருஷமாக இடது பக்கம் கழுத்தைத் திருப்பி, முகவாயை முன்னால் நீட்டி, அடுத்தவர்களின் வழக்குகளைப் படித்து அடித்திருக்கிறேன். வலது பக்கம் சுவர்தானே, பார்க்க என்ன இருக்கிறது என்று கழுத்தும் அந்தப் பக்கத்தை மறந்துவிட்டது.

“கெட்ட பொசிஷன்னு தனியா ஒண்ணு கிடையாது சார்” என்றார் அந்தப் பெண். “ஒரே பொசிஷன்லயே இருக்குறதுதான் கெட்டது.”

அந்த வாக்கியத்தை அப்பத்தா கேட்டிருந்தால் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே ஆமோதித்திருப்பாள்.

எங்கள் அப்பத்தா சுமக்காத சாமான் கிடையாது. வயலிலிருந்து களத்துக்குக் கதிர்க்கட்டு, கிணற்றிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர், கொல்லையிலிருந்து வயலுக்கு எரு, வயலிலிருந்து டவுன் சந்தைக்குக் கீரைக்கட்டு. 1965-இல் இங்கே விவசாயக் கல்லூரி வந்ததே, அந்தக் கட்டடங்களுக்குச் சித்தாளாக மண் சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், “இந்தச் செவுத்துல ஏந்தலையும் இருக்கு” என்பாள். காலையில் நடைப்பயிற்சிக்கு அந்தச் சாலையில் போகும்போது எனக்கு இன்றும் அது ஞாபகம் வரும்.

சும்மாடு சுற்ற அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பழைய சேலைத்துணிதான் தோது, புதுத்துணி வழுக்கும். முறுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் கல்லாகிவிடக் கூடாது. உச்சந்தலையில் வைக்கக் கூடாது, அதற்குச் சற்று முன்னால் வைத்தால்தான் பாரம் கழுத்துக்கு நேராக இறங்கும். நான் முதன்முதலாக ஒரு சின்னப் பானைத் தண்ணீர் தூக்கியபோது, வழியில் கல் இடறுமோ என்று குனிந்து பார்த்தேன். பானை முன்னால் சரிந்து மார்பெல்லாம் நனைந்தது.

“தலையில பாரம் இருக்கையில கீழ பாக்கக் கூடாதுடா. வழிய காலு பாத்துக்கும். நீ தூரத்தப் பாரு.”

கோணமானியும் படமும் காட்டி இப்போது எனக்குச் சொல்லிக்கொடுப்பது கிட்டத்தட்ட இதைத்தான். பார்வை கண் மட்டத்தில், காது தோளுக்கு நேர்மேலே, முகவாய் உள்ளே.

தலைச்சுமைக்காரர்கள் ஒருவரைப் பார்த்தால் இன்னொருவர் கேட்கும் முதல் வார்த்தை, “செத்தத் தூக்கி விடு” என்பதுதான். சுமையைத் தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும், இறக்கவும் வேண்டும். ஆளில்லாத சாலையில் என்ன செய்வது? அதற்குத்தான் சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடையாகப் போட்டிருப்பார்கள். ஆள் தலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் உயரம். கல்லருகே போய் நின்று, முழங்காலை லேசாக மடக்கி, சுமையை அப்படியே அதன்மேல் நகர்த்திவிடலாம். திரும்ப ஏற்றும்போதும் அடுத்தவர் தயவு வேண்டாம். தலையைக் கொடுத்து நிமிர்ந்தால் போதும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நிறுத்துவது வழக்கம். இறக்கிவைக்காமலே போனவளின் பேரில், வழியே போகிறவர்கள் எல்லாம் இறக்கிவைக்கட்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

மேலூர் ரோட்டில் அப்படி ஒன்று இருந்தது. அப்பத்தா அதைக் கண்டால் கீரைக்கட்டை இறக்கிவைத்து, சும்மாட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, கழுத்தை மெல்ல இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் சாய்ப்பாள். தோளை உருட்டுவாள். ஒரு வாய் வெற்றிலை. பிறகு கிளம்புவாள். அவசரமாகப் போக வேண்டிய நாளிலும் அந்தக் கல்லைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் கல் போயிற்று. இப்போது அந்த இடத்தில் நான்குவழிச் சாலை; யாரும் நிற்பதே இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் நரசிங்கத்துக்குக் கூட்டிப்போவாள். யானைமலையைக் குடைந்து செய்த கோயில். உள்ளே யோகத்தில் அமர்ந்த நரசிம்மர். “சாமியப் பாரு, எப்பிடி உக்காந்திருக்கு, நீயுந்தான் உக்கார்ற, கோணிச் சாக்கு மாதிரி” என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தக் கோயிலின் கதையைப் பின்னால்தான் படித்தேன். பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி 770-ஆம் ஆண்டில் இதைக் குடைவித்தார். வேலை நிறைவேறுமுன் இறந்துபோனார். அவருடைய தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நீர்தெளித்து முடித்துவைத்தார். கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அண்ணன் பாதிவழியில் இறக்கிய சுமையைத் தம்பி தலைகொடுத்து ஏற்றியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படும். அப்பத்தாவோடு சாலையில் நடந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அந்த நாளில் கழுத்து வலிக்கு டாக்டரிடம் யாரும் போனதில்லை. சுளுக்கு என்று பேர்வைத்து, நொச்சித்தழையை வதக்கி ஒத்தடம் கொடுப்பார்கள். உலக்கையைக் கழுத்தில் உருட்டிவிடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால், பிறக்கும்போது கால் முதலில் வெளிவந்த ஆளைத் தேடிப்போக வேண்டும். அவர் காலால் நீவினால் சுளுக்கு விடும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் தெருவில் அப்படிப் பிறந்த பையன் ஒருவன் இருந்தான். வகுப்பில் கடைசி பெஞ்ச். ஆனால் விடிகாலையில் அவன் வீட்டு வாசலில் கழுத்துக் கோணிய பெரிய மனிதர்கள் காத்து நிற்பார்கள். மிதித்துவிட்டு நாலணா வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வருவான். பெரும்பாலான சுளுக்கு மூன்று நான்கு நாளில் தானே சரியாகிவிடும் என்பது அவனுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

கொஞ்சம் வளர்ந்ததும் சலூன். முடிவெட்டி, ஷேவிங் முடிந்து, பவுடர் போட்டதும், முகவாயில் ஒரு கையும் பின்தலையில் ஒரு கையும் வைத்து, ‘படக்’கென்று இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. நெட்டி முறிகிற சத்தம் அடுத்த கடைக்குக் கேட்கும். காசு கிடையாது, இலவச இணைப்பு. சொர்க்கம் தெரிவது போல் இருக்கும். இதைச் சொன்னபோதுதான் பிசியோதெரபிப் பெண்ணின் முகம் முதன்முதலாகக் கறுத்தது. கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாகத்தான் மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தக்குழாய் போகிறது. வெடுக்கென்று முறுக்கும்போது அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு என்றார். முறுக்கக்கூட வேண்டாம், அழகு நிலையத்தில் தலை அலசத் தொட்டியில் கழுத்தைப் பின்னால் மடக்கியதில் மூளை பாதிக்கப்பட்ட ஐந்து பேரைப் பற்றி 1993-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். அரிதாக நடப்பதுதான். என்றாலும் இப்போது நாற்காலியில் உட்கார்ந்ததுமே, “தம்பி, கழுத்த மட்டும் விட்ரு” என்று சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு வருத்தம்தான்.

அதன்பின் கழுத்துப்பட்டைக் காலம் வந்தது. தொண்ணூறுகளில் ஆபீஸுக்கு ஒருவராவது வெள்ளைப் பட்டை கட்டி, சிங்கம் மாதிரி நேரே பார்த்தபடி ஃபைல் நகர்த்திக்கொண்டிருப்பார். ‘தேய்மானம்’ என்று சொல்லும்போதே குரலில் ஒரு பெருமை இருக்கும். இப்போது மாதக்கணக்கில் பட்டை கட்டும்படி யாரும் சொல்வதில்லை. கட்டிப்போட்ட கழுத்து சோம்பேறியாகிவிடுகிறதாம். அசைத்தால்தான் அது கழுத்து.

எனக்குக் கொடுத்த பயிற்சிகளைக் கேட்டால் வீட்டில் சிரிப்பார்கள், அவ்வளவு சின்னது. நேராக உட்கார்ந்து, எதிர்ச்சுவரைப் பார்த்து, முகவாயைத் தாழ்த்தாமல், அலமாரி இழுப்பறையை உள்ளே தள்ளுவது மாதிரி பின்னால் இழுக்க வேண்டும். இரட்டைத் தாடை விழுந்தால் சரியாகச் செய்கிறோம் என்று அர்த்தம். ஐந்து எண்ணும்வரை வைத்து விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு ஆறேழு தடவை. மல்லாந்து படுத்து, துண்டின்மேல் கழுத்தை வைத்து, யாருக்கும் தெரியாமல் ‘ஆமாம்’ போடுவது போல் மிக மெதுவாகத் தலையை அசைப்பது இன்னொன்று. கழுத்தின் முன்பக்கம், தொண்டைக்குப் பின்னால், எலும்பை ஒட்டி ஓடும் தசைகள் அதில்தான் வேலை செய்யுமாம். நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம், இரண்டும் நகராமல் அழுத்துவது ஒன்று. தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது ஒன்று. வலது பக்கத்துக்கு மட்டும் தனிப் பாடம்: துண்டின் ஓரத்தைக் கழுத்தில் போட்டு, கன்னத்தின் வழியாக மெல்ல இழுத்துக்கொண்டே திரும்ப வேண்டும். வலி கையை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திச் சொல்ல வேண்டும். நடுக்கழுத்துக்கு ஏறிவந்தால் பரவாயில்லை.

இந்தக் கடைசி விதிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். 1956-இல் அவரிடம் முதுகிலிருந்து காலுக்கு வலி இறங்கிய ஒருவர் வந்தார். உள்ளே போய்ப் படுங்கள் என்று சொல்லிவிட்டு இவர் வேறு வேலையில் இருந்துவிட்டார். முந்தின நோயாளிக்காகக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்திவைத்திருந்தார்கள். வந்தவர் அதிலேயே குப்புறப் படுத்து, முதுகு பின்னால் வளைந்தபடி கிடந்தார். அந்தக் காலத்து வைத்தியப்படி அது ஆகவே ஆகாது. பதறிப்போய் ஓடிவந்த மெக்கன்சியிடம், மூன்று வாரத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை, கால் வலி போய்விட்டது என்றாராம் அவர். அந்தத் தற்செயலிலிருந்து ஒரு முறையே வளர்ந்தது. 1983-இல் கழுத்துக்கென்று ஒரு சிறு புத்தகமும் எழுதினார்; உன் கழுத்தை நீயே பார்த்துக்கொள் என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். முகவாயைப் பின்னிழுக்கும் அந்தப் பயிற்சி அவருடைய முறையில் முக்கியமான ஒன்று.

என் மகளுக்கு நியூசிலாந்து தேவைப்படவில்லை. அவள் பரதம் பயின்றவள். நான் நிலைக்கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தாடையை முன்னும் பின்னும் இழுப்பதைப் பார்த்துவிட்டு, “அப்பா, அது பிரகம்பிதம்!” என்றாள். அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூலில் கழுத்தசைவு நான்காம்: சுந்தரி, திரச்சீனம், பரிவர்த்திதம், பிரகம்பிதம். கடைசியானது பெண்புறாவின் கழுத்து மாதிரி முன்னும் பின்னும் போய்வருவது. அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் புறா என்று பேர். “புறா சாப்பிட வரலாம்” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

நம் தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. நிமிர்ந்திருந்தால் கழுத்துக்கு அவ்வளவுதான் பாரம். குனியக் குனிய அது ஏறுகிறது. 2014-இல் நியூயார்க் டாக்டர் ஒருவர் கணினியில் உருவாக்கிய ஒரு மாதிரியை வைத்துக் கணக்குப் போட்டார். பதினைந்து டிகிரி குனிந்தால் பன்னிரண்டு கிலோ, அறுபது டிகிரி குனிந்தால் இருபத்தேழு கிலோ. போனை மடியில் வைத்துப் பார்ப்பது அந்த அறுபது டிகிரிதான். ஒரு சிப்பம் அரிசி! கணக்குத்தானே, ஒவ்வொரு கழுத்துக்கும் அப்படியே பொருந்தாது என்பார்கள். இருக்கட்டும். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரிசையாக அரிசிச் சிப்பங்கள் தெரிகின்றன. அதில் சும்மாடு இல்லை, சுமைதாங்கி இல்லை, தூக்கி விடவும் இறக்கி விடவும் ஆள் இல்லை. சுமக்கிறோம் என்பதே தெரியாத சுமை.

அதற்காக அப்பத்தா காலத்துக்குப் பாட்டுப் பாட நான் வரவில்லை. கென்யாவில் தலைச்சுமை தூக்கும் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தாலும் வெறுமனே நடப்பதைவிடக் கூடுதல் சக்தி செலவாகவில்லை என்று 1986-இல் ‘நேச்சர்’ இதழில் ஆராய்ந்து எழுதினார்கள். படித்தபோது பெருமையாக இருந்தது. அப்பத்தாவின் நடை கண்முன் வந்தது. ஆனால் அதே ஆப்பிரிக்காவில், காலமெல்லாம் தலையில் சுமந்தவர்களின் கழுத்தைப் படமெடுத்துப் பார்த்தவர்கள், எலும்பு தேய்ந்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள். இரண்டும் உண்மை. அவள் கழுத்து நேராக நின்றதும் சுமையால்தான், கடைசியில் திரும்பாமல் போனதும் சுமையால்தான். அவளுக்கு யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. தேய்மானம் என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது. நாங்கள் நடித்துக் காட்டிச் சிரித்ததுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே பரிசோதனை.

ஆறு வாரம் ஆயிற்று. வலது பக்கம் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. எண்பது வராது போலிருக்கிறது. வராவிட்டாலும் பஸ் தெரிகிறது. கடையில் மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, தாள் வைக்க ஒரு ஸ்டாண்டு வாங்கி, திரைக்குப் பக்கத்திலேயே கண் மட்டத்தில் நிறுத்திவிட்டேன். அரைமணிக்கு ஒருதரம் போன் மணி அடிக்கிறது. பழைய மெஷினில் வரி முடிந்தால் அடிக்குமே, அந்த மாதிரி. எழுந்து வாசலுக்கு வந்து, தோளை உருட்டி, பத்துத் தடவை புறாவாகி, திரும்பப் போய் உட்காருகிறேன். குமாஸ்தாக்களுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. இப்போது அவர்களில் இரண்டு பேர் என்னோடு வாசலுக்கு வருகிறார்கள்.

போன வாரம் கடைசி நாள். வழக்கம்போலத் துண்டைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கழுத்துக் குழிவில் வைத்துப் படுத்தேன். ஜன்னலில் மாலை வெயில் பட்டு யானைமலை சிவந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு மறந்தே போயிருந்த ஒன்று மேலே வந்தது.

வேப்பமரத்தடி, கயிற்றுக்கட்டில். அப்பத்தாவின் கடைசி வருஷம். நின்றபடி மலையின் உச்சியைப் பார்க்க அவளால் முடியாது. ஆகவே சாயங்காலமானால் கட்டிலில் மல்லாந்து படுத்துவிடுவாள். “நிமுந்து பாக்க முடியாட்டி என்னடா, படுத்துப் பாத்துட்டுப் போறேன்” என்பாள். சுமை தூக்குவதை விட்டு எத்தனையோ வருஷமாகியும், வெளுத்த சுங்குடித் துணியில் சுற்றிய அந்தச் சும்மாடு மட்டும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. படுத்ததும் அதன் முறுக்கை அவிழ்த்து, நீளமாக உருட்டி, கழுத்துக்கு அடியில் செருகிக்கொள்வாள்.

“தலைக்கு வச்சுக்க அப்பத்தா, தலகாணி மாதிரி.”

“தல பாட்டுக்குக் கெடக்கும். பாரம் பூரா தாங்குனது கழுத்துத்தானே? அதுக்குத்தாண்டா முட்டுக் குடுக்கணும்.”

“பத்து எண்ணிட்டீங்களா சார்?” என்றார் அந்தப் பெண்.

“இல்லம்மா, இப்பத்தான் ஆரம்பிக்கிறேன்” என்றேன்.